இடுப்புயரத்தில் ஒரு துவைக்கிற கல்

முன்னறைக்கு மொசைக் தரை போட்ட அதே மாதம்தான் இன்பம் கொல்லையில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள்.

கிணற்றுக்குப் பக்கத்தில் மண்ணோடு மண்ணாகப் புதைந்து கிடந்த கருங்கல் பலகைதான் அந்த வீட்டின் துவைக்கிற இடம். மேலே கூரை கிடையாது. சுற்றிலும் வழவழவென்று பாசி. சோப்புத் தண்ணீர் போக வழியில்லாமல் முருங்கை மரத்தடியில் தேங்கி நின்று கொசுவைப் பெருக்கும். விழுந்தவள் கையைப் பிடித்துக்கொண்டு தானே எழுந்து, தான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கே ரிக்‌ஷா பிடித்துப் போய், மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தாள். சாயங்காலம் தொழிற்சாலையிலிருந்து வந்த கணவர் கிறிஸ்துராஜ் கட்டைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது இதுதான்:

"பாத்து நடக்கக் கூடாதா?"

இன்பத்துக்கு வலியைவிட அந்தக் கேள்விதான் உள்ளே போய் உட்கார்ந்தது. பார்த்து நடக்கிற தரையெல்லாம் முன்பக்கம் போட்டாகிவிட்டது. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, "அடடா, கண்ணாடி மாதிரி இருக்குதே!" என்று சொல்வதற்காக மொசைக். அந்த அறையில் அவள் உட்காருவது ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து யாராவது வந்தால்தான். கொல்லையில் அவள் நிற்பதோ தினமும். இல்லை, நிற்பதுகூட இல்லை. குனிந்து கிடப்பது.

ஆம்பூரில் அந்த எண்பதுகளின் தொடக்கத்தில் அவளைப் போலத் துணி துவைத்தவர்கள் அதிகம் பேர் இருந்திருக்க மாட்டார்கள். அவள் பிரசவ வார்டு நர்ஸ். வெள்ளைப் புடவை, வெள்ளை ரவிக்கை. தினமும் நீலம் போட்டு, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் போக வேண்டும். கணவரோ தோல் தொழிற்சாலையில் சாயம் ஏற்றுகிற பிரிவில் சூப்பர்வைசர். அவர் சட்டையிலும் பேண்டிலும் ஒரு நாள் கறுப்பு, ஒரு நாள் காப்பிக் கலர், மறுநாள் எதுவென்றே சொல்ல முடியாத பச்சை. எல்லாவற்றுக்கும் மேலே அந்த வாடை. ஒரே கல், ஒரே அண்டா. எவ்வளவு கவனமாகப் பிரித்துப் போட்டாலும் ஒரு தடவை அவள் புடவை முந்தானையில் துருப்பிடித்த மாதிரி ஒரு தீற்றல் ஏறிவிட்டது. அதைக் கட்டிக்கொண்டு போனவளை மேட்ரன் அத்தனை பேர் எதிரில் நிறுத்தி, "இது பிள்ளை பெறுகிற இடம், இன்பம். தோல் பதனிடுகிற இடம் இல்லை" என்றார். மேட்ரன் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. கோபத்தை யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

மாவுக்கட்டோடு வீட்டில் இருந்த நாட்களில்தான் அவள் மனசில் அந்த அறை உருவானது. வார்டில் பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டும் மேடை இடுப்பளவுக்கு இருக்கும். கொட்டாங்கச்சி மாதிரி ஒரு பிள்ளையைக் கழுவ நிமிர்ந்து நிற்கலாம். தண்ணீர் குடித்துக் கல்லாகக் கனக்கும் ரெட்டைப் போர்வையை அலச மட்டும் எதற்காக ஒருத்தி மடங்கிக் குனிய வேண்டும்? யோசிக்க யோசிக்க அவளுக்கு எரிச்சலாக வந்தது. இத்தனை வருஷமாக இதைத் தானே கேட்டுக்கொள்ளாமல் இருந்ததற்கும் சேர்த்து.

கணவரிடம் சொன்னாள். அவர் சிரித்தார்.

"துணி தொவைக்கிறதுக்கு ஒரு ரூமா? நம்ம வீடு இன்னா கலெக்டர் பங்களாவா?"

"முன்னாடி மொசைக் போட்டப்போ நான் அப்படிக் கேட்டேனாங்க?"

"அது நாலு பேரு வந்து போற எடம்."

"இது நான் வந்து போற எடம்" என்றாள் இன்பம்.

அவர் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். கட்டுப் பிரித்த பிறகு அவள் ஆஸ்பத்திரியில் கட்டிவந்த சீட்டுப் பணத்தை எடுத்து, கோவிந்தசாமி மேஸ்திரியைத் தானே போய்க் கூப்பிட்டு வந்தாள்.

மேஸ்திரி கொல்லையைச் சுற்றிப் பார்த்தார். அவள் சொன்னதை எல்லாம் தலையாட்டிக் கேட்டார். கல்லை இடுப்புயரத்தில் வைக்க வேண்டும் என்றதும் தலை நின்றது.

"அது சரிப்படாதும்மா. கல்லு தரையோட இருந்தாதான் ஓங்கி அடிச்சுத் தொவைக்கலாம். ஒசரத்துல வெச்சா தோள்பட்டை போய்டும்."

"உங்க வீட்ல யாரு மேஸ்திரி தொவைக்கிறாங்க?"

"சம்சாரம்தான்."

"நீங்க எப்பவாவது தொவைச்சிருக்கீங்களா?"

மேஸ்திரி காதில் இருந்த பென்சிலை எடுத்து அதன் முனையைப் பார்த்தார்.

"அப்ப தோள்பட்டை போய்டும்னு உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

மேஸ்திரி அவளைச் சுவரோரம் நிற்க வைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, அதற்கு ஒரு சாண் கீழே சுவரில் கோடு இழுத்தார்.

அறை எழும்பியது. பழைய பலகை கிணற்றடியிலேயே கிடக்க, புதுக் கல்லுக்கு இரண்டு பக்கமும் இரண்டு தொட்டிகள். ஒன்று வெள்ளைத் துணிக்கு, ஒன்று தொழிற்சாலைத் துணிக்கு. இரண்டு தொட்டித் தண்ணீரும் ஒன்றோடொன்று கலக்காதபடி தனித்தனி வடிகால். தண்ணீர் ஒரு சொட்டு நிற்காமல் ஓடும்படி தரைக்கு வாட்டம். வாட்டம் சரியில்லை என்று இன்பம் ஒரு பக்கத்தை இடித்து மறுபடி போடச் சொன்னாள். மழை நாளில் காயப்போட ஓட்டுக் கூரைக்கடியில் மூன்று கொடிகள், கயிற்றை இழுத்தால் கீழே இறங்கும், விட்டால் மேலே போகும். இஸ்திரி போடச் சுவரோடு மடங்கும் பலகை. நீலப்பொடி டப்பாவுக்கும் சோப்புக்கும் தண்ணீர் தெறிக்காத உயரத்தில் மாடம்.

அத்தோடு அவள் விடவில்லை. தரைக்குச் சிவப்புச் சிமெண்ட் போட்டு ஓரத்தில் கறுப்புக் கரை கட்டச் சொன்னாள், புடவைக்குக் கட்டுகிற மாதிரி. காற்று வரும் சுவரில் பூப்போட்ட ஜாலிக் கற்கள் வைத்தாள். கூரையில் நாலு கண்ணாடி ஓடு. சுவருக்கு வெளிர் நீலம். முன்னறை மொசைக்கில் மிஞ்சிப்போய் மூட்டையில் கிடந்த வெள்ளை, பச்சைச் சில்லுகளைத் தொட்டி விளிம்பு நெடுக ஈரச் சிமெண்ட்டில் அவளே ஒவ்வொன்றாகப் பதித்தாள்.

"கொல்லையில இவ்ளோ ஸ்டைல் எதுக்கு? யாரு பாக்கப் போறா?" என்றார் கிறிஸ்துராஜ்.

"நான் பாக்கப் போறேன்."

முதல் நாள் அவள் அந்தக் கல்லின் முன்னால் நின்று துவைத்தபோது காலை வெயில் கண்ணாடி ஓட்டின் வழியாகத் தொட்டித் தண்ணீரில் விழுந்து சுவரெல்லாம் அலைந்தது. முதுகு வலிக்குமே என்று பழக்கத்தில் காத்திருந்தாள். வலிக்கவில்லை. பக்கத்து வீட்டு அஃப்ஸர் ஜஹான் பார்க்க வந்து, கல்லில் இரண்டு கையையும் ஊன்றி நின்று பார்த்து, "யா அல்லா, எங்க ஹாலவிட இது சூப்பரா கீதே சிஸ்டர்" என்றாள். அவள் புருஷன் துபாயில் இருந்தான். வீட்டில் அவளுக்கும் குனிந்து துவைக்கிற கல்தான். போகும்போது ஜாலிச் சுவரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

சபையிலிருந்து ஆட்கள் வந்தபோது கிறிஸ்துராஜ் அவர்களை மொசைக்கைத் தாண்டி நேராகக் கொல்லைக்கு அழைத்துப் போனார். "ரெண்டு தொட்டி, ரெண்டு ட்ரெயினேஜ். எல்லாம் நான் போட்ட பிளான்" என்று அவர் சொல்வது, காப்பி ஆற்றிக்கொண்டிருந்த இன்பத்தின் காதில் விழுந்தது. டம்ளரைக் கொஞ்சம் பலமாகவே வைத்தாள். அவ்வளவோடு விட்டாள். அறை கைக்கு வந்துவிட்டது, பெயர் யாருக்குப் போனால் என்ன என்று அன்றைக்கு நினைத்தாள். அப்படி விட்டது தப்பு என்று பிற்பாடு அவளுக்குத் தோன்றியது.

இரண்டு வருஷம் அந்த அறை அவளுடையதாக இருந்தது.

எண்பத்து மூன்றில் ஆம்பூர் முழுக்க ஷூவின் மேல்பாகம் தைக்கிற வேலை வீட்டுக்கு வீடு பரவியது. அப்பர் என்று சொல்வார்கள். கம்பெனியில் வெட்டிக் கொடுக்கிற தோல் துண்டுகளை வீட்டில் மிஷின் போட்டுத் தைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெளிநாட்டுக்குப் போகிற சரக்கு. கிறிஸ்துராஜுக்கும் அந்த ஆசை வந்தது. ஷூ கம்பெனி மேனேஜர் நயீம் அகமது அவருக்குப் பழக்கம்.

ஐப்பசி மாதம், ஒரு நாள் பகல் டியூட்டி முடிந்து இன்பம் வீட்டுக்கு வந்தாள். பின்பக்கம் போனவள் படியிலேயே நின்றுவிட்டாள். அவளுடைய வாளிகளும் அண்டாவும் முருங்கை மரத்தடியில் தூறலில் நனைந்துகொண்டிருந்தன. உள்ளே இரண்டு தையல் மிஷின். இரண்டு பெண் பிள்ளைகள் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தார்கள். இஸ்திரிப் பலகையில் பசை டப்பாக்கள். வெள்ளைத் துணித் தொட்டியின் மேல் பலகை போட்டு, அதன்மேல் தோல் கட்டுகள். துவைக்கிற கல்லின்மேல் தோலை வைத்துச் சுத்தியலால் தட்டிய தடம். பசை நாற்றத்தில் கண் எரிந்தது.

"ரெண்டு வாரம்தான்" என்றார் கிறிஸ்துராஜ். "ஒரு ஆர்டர் முடியட்டும்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா நீ இன்னா, வேணாம்னா சொல்லப் போறே? வெளிச்சம் இருக்குது, காத்து இருக்குது, தரை சுத்தமா இருக்குது. தைக்கிறதுக்குன்னே கட்டுன மாதிரி இருக்குது, இன்பம்!"

பாராட்டுகிற மாதிரிதான் சொன்னார். அதுதான் அவளை எரித்தது. வெளிச்சத்தையும் காற்றையும் சுத்தத்தையும் யார் அங்கே கொண்டுவந்தது என்று அவருக்கு நினைவே இல்லை. அவை ஏதோ மழை மாதிரி தானாக வந்து விழுந்தவை போல எடுத்துக்கொண்டார்.

"முன்னறை இருக்குதே. அங்க போடுங்க."

"ஹால்லயா? யாராவது வந்தா எங்க உக்கார வெக்கிறது?"

இரண்டு வாரம் முடிந்தது. இரண்டாவது ஆர்டர் வந்தது. இன்பம் மறுபடி பழைய கருங்கல் பலகைக்குப் போனாள். மழையில் ஒரு கையால் குடை பிடித்துக்கொண்டு ஒரு கையால் துவைப்பது எப்படி என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வெள்ளைப் புடவை காயாமல் முடை நாற்றம் அடித்தது. சாயச் சட்டை பழையபடி அதே அண்டாவில் விழுந்தது. அவள் சொல்லிப் பார்த்தாள். சாப்பிடும்போது சொன்னாள், ஜெபம் முடிந்து சொன்னாள், பிள்ளைகள் எதிரில் சொன்னாள். "பேஜார் பண்ணாத இன்பம், கிறிஸ்துமஸ் வரட்டும்" என்றார். கிறிஸ்துமஸ் வந்தது. மூன்றாவதாக ஒரு மிஷினும் வந்தது.

அந்த ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. சரக்கைப் பார்க்க நயீம் அகமது சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தார். கிறிஸ்துராஜ் வீட்டைப் பெருக்கச் சொல்லிவிட்டு, பிஸ்கட் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார். இன்பத்துக்கு அன்று லீவு. பெருக்கினாள். பிறகு நாற்காலிகளை ஓரமாகத் தள்ளினாள். கொல்லையிலிருந்து அண்டாவைக் கொண்டுவந்து முன்னறையின் நட்டநடுவில் வைத்தாள். கிணற்றுக்கும் முன்னறைக்கும் நடந்து நடந்து தண்ணீர் நிரப்பினாள். அந்த வாரத்துச் சாயத் துணி முழுவதையும் மொசைக் தரையில் போட்டு, சோப்பைத் தேய்த்து, துவைக்கத் தொடங்கினாள்.

மொசைக் நன்றாகத்தான் இருந்தது. வழுக்கலாக இருந்தாலும் அழுக்கு நன்றாகப் போயிற்று. காப்பிக் கலர் நுரை கண்ணாடி அலமாரியின் கால்வரை ஓடி வாசல்படியில் வழிந்தது. பிழிந்த பேண்டுகளை ஜன்னல் கம்பியில் மாட்டினாள். சட்டைகளை நாற்காலி முதுகுகளில் போட்டாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கிறிஸ்துராஜும் நயீம் அகமதுவும் ஒன்றாகவே வந்துவிட்டார்கள். பிஸ்கட் பொட்டலத்தோடு கிறிஸ்துராஜ் படியிலேயே நின்றார்.

"வாங்க சார்" என்றாள் இன்பம், எழுந்திருக்காமல். "பாத்து வாங்க, தரை ஈரமா இருக்குது."

நயீம் அகமது வயதானவர், மரியாதைக்காரர். கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "இன்னா சிஸ்டர், ஹால்லயே தொவைக்கிறீங்க?" என்றார்.

"தொவைக்கிற ரூம்ல உங்க தோலு இருக்குது சார். அதுக்குப் பக்கா ரூம். கூரை, காத்து, வெளிச்சம் எல்லாம் இருக்குது. நான் மழையில உக்காந்துனு இருந்தேன். இன்னிக்கு நாமளும் கொஞ்சம் நல்ல தரையில தொவைக்கலாமேன்னு இங்க வந்தேன்."

"இன்பம்!" என்றார் கிறிஸ்துராஜ், பல்லைக் கடித்துக்கொண்டு.

"சத்தம் போடாதீங்க. நாலு பேரு வந்து போற எடம்."

நயீம் அகமது வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைக்குப் போனார். கிறிஸ்துராஜ் பின்னாலேயே ஓடினார். இன்பமும் கையைத் துடைத்துக்கொண்டு போனாள். மேனேஜர் அறையைச் சுற்றிப் பார்த்தார். தொட்டியைத் தொட்டார், சுவரைத் தொட்டார். ஒரு கட்டைப் பிரித்து அடியிலிருந்து ஒரு துண்டை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். தோலின்மேல் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. அவர் முகம் மாறியது.

"கிறிஸ்துராஜ், உனுக்குத் தோல் வேலைல எத்தன வருஷ சர்வீஸ்? தண்ணித் தொட்டி மேலயா சரக்க அடுக்குவே? ஈரம் ஏறி பூஞ்சணம் புடிச்சிருக்குது பார். ஒரு பீஸ்ல இது இருந்தாலும் வெளிநாட்டுக்காரன் மொத்த லாட்டையும் திருப்பிடுவான். இன்னிக்கே எல்லாத்தையும் காய்ஞ்ச எடத்துக்கு மாத்து."

"ஆவட்டும் சார். இப்பவே சார்."

பொழுது சாய்வதற்குள் மிஷின்கள் வெளியே வந்தன. முன்னறைத் தரையைத் துடைத்துக் காயவிட்டு, மிஷின்களையும் கட்டுகளையும் அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். ஹாலில் போட்டால் யாரை எங்கே உட்கார வைப்பது என்ற கேள்வி யாருக்கும் வரவில்லை. நாற்காலிகள் வராண்டாவுக்குப் போயின.

இரவு சாப்பாட்டின்போது கிறிஸ்துராஜ், "அதான் ரூம் வந்துடுச்சே. இன்னும் இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கி வெச்சுனு இருக்கே?" என்றார்.

இன்பம் சோற்றுக் கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள்.

"யாருக்காக வந்துச்சு? எனக்காகவா? என் கை ஒடைஞ்சப்ப 'பாத்து நட'ன்னு சொன்னீங்க. முதுகு வலிக்குதுன்னேன், காதுல விழல. மழையில நனையறேன்னு மூணு மாசமா கத்துனேன், பேஜார்னீங்க. செத்த ஆட்டுத் தோலுக்கு ஈரம் ஆவாதுன்னு ஒருத்தர் வந்து ஒரு வார்த்தை சொன்னாரு, ஒரே சாயங்காலத்துல ரூம் காலியாய்டுச்சு. அந்தத் தோலுக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லையா இந்த வீட்ல?"

பிள்ளைகள் இரண்டும் அப்பாவைப் பார்த்தன.

"இன்னையிலேருந்து உங்க தொழிற்சாலைத் துணிய நான் தொட மாட்டேன். உங்களுக்குன்னு தனித் தொட்டி கட்டி வெச்சிருக்கேன். 'எல்லாம் நான் போட்ட பிளான்'னு நீங்கதான் சொன்னீங்க. எது எங்க இருக்குதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

கோபத்தில் சொல்கிறாள், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். சரியாகவில்லை. சட்டைகள் குவிந்தன. சாயம் காய்ந்து அட்டை மாதிரி நிற்கும் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். சலவைக்குப் போட்டார். சலவைக்காரர், "மத்த வீட்டுத் துணில சாயம் ஏறுது சார்" என்று மூட்டையோடு திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, எல்லோரும் எழுந்திருக்கும் முன்னால், கிறிஸ்துராஜ் தன் தொட்டியின் முன்னால் போய் நின்றார். இன்பம் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவர் காலரை விட்டுவிட்டு முதுகுப்பக்கத்தையே தேய்த்துக்கொண்டிருந்தார். சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. திரும்பிப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அஃப்ஸர் ஜஹான் வீட்டு மாடிப்படியிலிருந்து பார்த்தால் ஜாலி வழியாக உள்ளே நிற்பவர் தெரியும். அது தெரிந்ததும் கிறிஸ்துராஜ், "ஜாலிக்கு ஒரு படுதா போட்டுடலாமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எதுக்கு?"

"பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?"

"நான் இத்தனை வருஷம் வெட்டவெளியில முழங்காலுக்கு மேல புடவையச் சொருவிக்கினு குனிஞ்சு தொவைச்சேன். தெருவே பாத்துச்சு. அப்ப ஒரு படுதா கட்டணும்னு உங்களுக்குத் தோணுச்சா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு பழைய பெட்ஷீட்டை எடுத்து ஆணி அடித்து ஜாலிமேல் தானே மாட்டிக்கொண்டார். ஒன்பது மணிக்கு இன்பம் ஆராதனைக்குப் புறப்படும் முன் அதைக் கழற்றி, தன் தொட்டியில் நனைத்துத் துவைத்து, கொடியில் ஏற்றிவிட்டுப் போனாள். சாயங்காலம் மடித்து பீரோவில் வைத்தாள். அதற்கடுத்த வாரம் அவர் மறுபடி மாட்டினார். அவள் மறுபடி கழற்றித் துவைத்தாள். அந்தக் கோடை முழுக்க இப்படியே நடந்தது. துவைத்துத் துவைத்து நைந்துபோன பெட்ஷீட் ஆடி மாதத்துக் காற்றில் ஆணியிலேயே நெடுகக் கிழிந்தது. கிறிஸ்துராஜ் வேறொன்றைத் தேடிப் பீரோவைத் திறந்தார். எதையும் எடுக்காமல் மூடிவிட்டு, சோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார்.